இடது பொத்தான்

மே 18, 2025, ஞாயிறு

இருங்காட்டுக்கோட்டையில் சலூனுக்கு மேலே ஜோயலின் வாடகை அறை. பாக்டரியில் எங்கள் லைன் ஆட்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் அங்கே கூடிப் பேசுகிறார்களாம். லைன் லீடரான நானும் இன்று போய் உட்கார்ந்தேன். தபாலில் படித்தாலும் நான் எம்.ஏ. தத்துவம். ஜோயல் வெறும் டிப்ளமோ, தூத்துக்குடிப் பக்கம். ஆனால் அவன் பேசுவானாம், நான் கேட்க வேண்டுமாம்.

ஜஸ்டின் என்ற கிறிஸ்தவத் தத்துவவாதியைப் பற்றிப் பேச்சு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். உண்மையைத் தேடி ஒவ்வொரு ஆசிரியராக அலைந்தாராம். ஒருவர் முதலில் சம்பளம் பேசினார். இன்னொருவர், சங்கீதமும் கணிதமும் கற்றுக்கொண்டு வா என்று விரட்டினார். கிறிஸ்தவரான பிறகும் தத்துவவாதியின் மேலங்கியை அவர் கழற்றவில்லை. நல்லதை யார் சொல்லியிருந்தாலும் அது எங்களுடையதே என்றாராம்.

"உண்மை எல்லாருக்கும் பொதுன்னா உனுக்கு இன்னாத்துக்குடா சர்ச்சு?" என்று மடக்கினேன்.

"உண்மையத் தெரிஞ்சுக்கிடதுக்கு வேண்டாம் அண்ணாச்சி. அதை வெளிய சொன்னா அடி விழும்லா, அப்ப கூட நிக்கதுக்கு ஆள் வேணும்."

லைனில் பிரஸ் ஓட்டும் பேச்சிராஜ் கை தட்டினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினான்.

மே 20

அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பேச்சிராஜ் சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அவனுக்கு நான் இளப்பம்.

ஜூன் 1, ஞாயிறு

ஜஸ்டின் நினைவு நாளாம். அவருடைய வழக்கை ஜோயல் சொன்னான். எங்கே கூடுகிறீர்கள் என்று ரோமில் அதிகாரி கேட்டார். குளியல் கூடத்துக்கு மேலே, என் அறையில் என்று மறைக்காமல் சொன்னார். எங்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டுப் போ என்றார்கள். மறுத்தார். சவுக்கால் அடித்துத் தலையை வெட்டினார்கள். கூட இருந்த சீடர்களுக்கும் அதே கதி.

காட்டிக்கொடுத்தது யார் என்று ஒருத்தன் கேட்டான்.

"இன்னொரு தத்துவவாதின்னு சொல்லுதாவ. வாதத்துல தோத்தவராம்."

சொல்லும்போது என்னைப் பார்த்தானா? இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 4, புதன்

பேச்சிராஜுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அவன் ஓட்டும் பிரஸ், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பழைய மிஷின். அதில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போக வழியில்லை. இடது பொத்தானை டேப்பால் அமுக்கி ஒட்டிவிட்டால், இடது கை அடுத்த தகட்டை எடுத்து வைக்கலாம். ஒரு பீஸுக்கு இரண்டு வினாடி மிச்சம். ஒட்டியது நான்.

எல்லா லைன்லயும்தான் ஒட்றாங்க. நான் மட்டுமா? அவன் பாத்து வேலை செஞ்சிருக்கணும். நான் இன்னா பண்றது?

ஜூன் 6

எச்.ஆர். தணிகாசலம் சார் கூப்பிட்டார். டேப்பை ஒட்டியது பேச்சிராஜ்தான் என்று மீதி ஐந்து பேரும் எழுதித் தர வேண்டும். ஜோயல் போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று நாலு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"ஒரு கையெழுத்துதானேப்பா. போட்டுட்டு லைனுக்குப் போ."

"நான் பாத்தது வேற சார்," என்றான் ஜோயல்.

என்ன பார்த்தாய் என்று சார் கேட்கவில்லை.

ஜூன் 7

சாரிடம் சலூன் மாடியைச் சொன்னேன். யூனியன் ஆரம்பிக்கிறார்கள் போல என்றேன். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஜூன் 11, புதன்

ஜோயல் மேல் விசாரணை. நான் சாட்சி.

"எங்கப்பா கூடுறீங்க?"

"சலூனுக்கு மேல, என் ரூம்ல."

"கூடி இன்னா பேசுவீங்க?"

"உண்மையைப் பத்தி சார்."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். "டேப் ஒட்டினது சிவசங்கர் அண்ணாச்சி" என்றும் என்னைக் காட்டிச் சொன்னான், கோபமே இல்லாமல், மணி கேட்டால் சொல்வது மாதிரி. சார் அதை எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம் மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, "நானும் அந்த ரூமுக்குப் போவேன் சார்" என்றார்கள். யாரும் அவர்களைக் கேட்கவேயில்லை. ஐந்து பேருக்கும் வேலை போயிற்று. கான்ட்ராக்ட் ஆட்கள், ஒரு தாள் போதும்.

கேட்டில் ஜோயல், "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டித் தொலைச்சிருந்தா இன்னா? பெரிய இவன்.

ஜூன் 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'டேப்பை நானே ஒட்டினேன்' என்று பேச்சிராஜ் எழுதுவது போல நானே எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாக்கியங்கள் சுத்தமாக வந்திருந்தன. போட்டுக் கொடுத்தால் ஹெல்பர் வேலை நிச்சயம் என்றேன்.

"ஜோயல் அண்ணன் கையெழுத்துப் போட்டாவளா?"

"முதல் ஆளே அவன்தான்" என்றேன்.

பேனாவை வாங்கினான். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. போட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

சேரப்பணஞ்சேரியில் வீட்டிலேயே இருந்திருக்கலாம். எதற்கோ அந்தப் பக்கம் போனேன். சலூன் மாடியில் பூட்டு.

ஆகஸ்ட் 4

சூப்பர்வைசர் ஆகிவிட்டேன்.

பேச்சிராஜ் வேலைக்குத் திரும்பினான். ஜோயல் நாலைந்து தடவை போன் செய்தானாம், இவன் எடுக்கவில்லையாம். "நம்பரையே அழிச்சிட்டேன் அண்ணாச்சி. எனக்கு எதிரா எழுதிக் குடுத்துட்டு வெக்கப்பட்டு ஊருக்கு ஓடிட்டாவ" என்றான். நான் திருத்தவில்லை.

செப்டம்பர் 3

லைனில் புது ஆட்கள். டார்கெட்டும் ஏறிவிட்டது. அதே பிரஸ். இடது பொத்தானில் ஒட்டப் போனால் டேப் ரோல் தீர்ந்திருந்தது. "யாராவது ஸ்டோர்ல போயி டேப் எடுத்துக்கினு வாங்கடா" என்று கத்தினேன்.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சிராஜ் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். புது ரோல் கொண்டுவந்தான். நுனி அகப்படாமல் நான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாங்கி, இடது கையின் மூன்று விரலில் இடுக்கிக்கொண்டு வலது கையால் பிரித்தான். பல்லால் கடித்து, பொத்தானுக்கு அளவாக நீட்டினான்.

"போதுமா அண்ணாச்சி?"

போதும் என்றேன்.