சிவப்பு விளக்கை மீறி விமானத்தை இறக்கிய குமாரி ஸ்யாமளாவின் லைசென்ஸ் பற்றி

அனுப்புநர்:
ஹா. ஜகதாம்பாள்,
தலைமை ஆசிரியை, பெண்கள் உயர்தரப் பாடசாலை,
தல்லாகுளம், மதுரை.

பெறுநர்:
கனம் மண்டல விமான ஆய்வு அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: விமானி குமாரி ஸ்யாமளாவின் லைசென்ஸை நிறுத்திவைத்த உத்தரவை ரத்துசெய்யக் கோருதல், நான் மயங்கி விழுந்ததாக எழுதியிருப்பதை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தின் அருமை அறிந்தவளாயினும், சுருக்கமாக எழுதினால் உண்மை பாதியாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. சென்ற மாதம் இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமையன்று, மேலூர் சாலைக்கு அருகே யுத்த காலத்தில் போடப்பட்ட இறங்குதளத்தில் விமானக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு விமானம் ஓட்டி வந்தவர் குமாரி ஸ்யாமளா. இதே தல்லாகுளத்துப் பெண்; வயது இருபத்து மூன்று; சென்னையில் பயின்று லைசென்ஸ் பெற்றவர். எனக்கு உறவினர் அல்லர், என் மாணவியும் அல்லர். அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

2. மறுநாள் எங்கள் பாடசாலை மாணவிகள் எட்டுப் பேரை ஆளுக்கு ஒரு சுற்று அழைத்துப் போவதாக ஏற்பாடு. பெற்றோர்கள் சம்மதிக்கவில்லை. “தலைமை ஆசிரியையே முதலில் போய்விட்டு வரட்டும்” என்று ஒரு தகப்பனார் கூட்டத்தில் சொன்னார். நான் மறுப்பேன் என்று நினைத்துச் சொன்னார் போலும். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

3. அது இருவர் மட்டும் உட்காரும், மேலே திறந்த சிறு விமானம். முன்னால் நான், பின்னால் விமானி. இருவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் உண்டு. கீழேயுள்ள கண்ட்ரோல் மேடையோடு பேச வழியில்லை. அங்கிருக்கும் அதிகாரி விளக்கு காட்டுவார். பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. இதைத் தாங்கள் அறிவீர்கள். நான் அன்றுதான் அறிந்தேன்.

4. பிற்பகல் மூன்று மணியளவில், மேல்காற்றை எதிர்த்து மேற்கு முகமாகக் கிளம்பினோம். அழகர்மலை வரை போய்த் திரும்பினோம். அந்த ஆனந்தத்தைப் பற்றி எழுத இது இடமல்ல. வயல்கள் ஆட்டம் முடியாத பல்லாங்குழி போல, சில நிறைந்தும் சில வெறுமையாகவும் கிடந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

5. திரும்பும்போது கிழக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மேடையில் பச்சை விளக்கு தெரிந்தது. கிளம்பியது போலவே மேற்கு முகமாக இறங்க வேண்டும் என்பது குறிப்பு. தளத்தின் மேற்குக் கோடியில் கண்மாய். கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்பியிருந்தது. விமானம் கிழக்கிலிருந்து தாழ்ந்தது. தரை மிக வேகமாக ஓடிவருகிறதே என்று நான் எண்ணுவதற்குள் இயந்திரம் இரைந்து, மறுபடியும் மேலே ஏறினோம். அப்போது குழாய் வழியே நடந்த பேச்சைச் சாட்சியமாகக் கருதிச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஏம்மா, பச்சைதானே காட்டறார்?” என்று கேட்டேன்.

“பச்சைதான் மாமி. ஆனா காத்து மாறிடுத்து. கண்மாய்க் கரையில காயப் போட்டிருக்கற புடவையெல்லாம் எந்தப் பக்கம் பறக்கறது பாருங்கோ.”

பார்த்தேன். கரையில் கட்டியிருந்த புடவைகள் அத்தனையும் மேற்கே, தண்ணீரை நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தன.

“காத்து முதுகைத் தள்ளறது மாமி. இப்படியே எறங்கினா வண்டி நிக்காது. நேரா கண்மாய்தான்.”

எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது என்பதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

6. பிறகு அவர் சுற்றிக்கொண்டு மேற்கிலிருந்து வந்தார். மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே மீறிவிடவில்லை, ஐயா. இறங்காமல் மேடைக்கு அருகே தாழப் பறந்து, கையை நீட்டிக் கரைப்பக்கம் காட்டினார். மேடையிலிருந்தவரும் கையை நீட்டி, கிழக்கே போய் வரும்படி பதிலுக்குக் காட்டினார். மீண்டும் ஒரு சுற்று வந்தோம். மீண்டும் சிவப்பு. இதற்குள் மழைத்திரை தளத்தின் கிழக்கு வேலியை நெருங்கிவிட்டது. முதல் துளிகள் என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தன.

“மாமி, இன்னொரு சுத்து சுத்தினா தரையே தெரியாது. நான் எறக்கப்போறேன். பின்னால வர்ற திட்டு எனக்கு. நீங்க கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ.”

விமானம் கண்மாயைத் தாண்டி, ஒரு தாம்பாளத்தைத் தரையில் வைப்பது போல இறங்கி, பாதித் தளத்திலேயே நின்றது. அப்போது தளத்தில் வேறு விமானமோ, ஆளோ, ஆடு மாடோ இல்லை.

7. மேடையிலிருந்த அதிகாரி ஓடிவந்தார். “சிவப்புக் காட்டினேனே, பார்க்கலையா?” என்றார்.

“பார்த்தேன் சார். ரெண்டு தடவையும் பார்த்தேன். உங்க காத்துப்பையைக் கொஞ்சம் பாருங்கோ.”

அனைவரும் அண்ணாந்து பார்த்தோம். காற்றின் திசை காட்டும் அந்தத் துணிப்பை, புயலே அடித்தாலும் அசையமாட்டேன் என்பது போலக் கிழக்கு நோக்கி விறைத்து நின்றது. தளத்தின் காவலர் விருமாண்டி என்பவர் கம்பத்தில் ஏறினார். “அட, விருந்தாளிகளுக்குக் கட்டுன தோரணக் கயித்துலல்ல மாட்டிக் கெடக்கு! எம்புட்டு நேரமா இப்பிடி நிக்கிதோ!” என்று சொல்லிக்கொண்டே முடிச்சை எடுத்துவிட்டார். பை ஒரு சுற்றுச் சுழன்று மேற்கே திரும்பிப் படபடத்தது. அதற்குள் மழை கொட்டிவிட்டது. எல்லோரும் பந்தலுக்கு ஓடினோம். அந்த அதிகாரி மட்டும் நனைந்துகொண்டு சற்று நேரம் கம்பத்தடியிலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பையைப் பார்த்து விளக்கு காட்டினார். பை பொய் சொல்லிற்று.

8. ஆனால் அதன்பின் வந்த உத்தரவின்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதில் தோரணம் இல்லை, காற்று மாறியது இல்லை, மழைகூட இல்லை. “கண்ட்ரோல் உத்தரவை வேண்டுமென்றே மீறினார்” என்று மட்டும் இருக்கிறது. கூடவே, “பிரயாணி வயதான மாது, மயக்கமுற்றிருந்தபடியால் விசாரிக்கப்படவில்லை” என்றும் கண்டிருக்கிறது. ஐயா, எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் மயங்கவில்லை. இறங்கியதும் பந்தலில் இரண்டு தம்ளர் காபி குடித்தேன். அதைக் கொடுத்தவர்களே அறிக்கையும் எழுதியவர்கள்.

9. விதி வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நானும் மணி அடித்து நானூறு பெண்களை ஆள்கிறவள். ஆனால் சென்ற மழைக்காலத்தில் நான்காம் பாரத்து வகுப்பறை வாசலில் நல்ல பாம்பு படுத்திருந்தது. மணி அடித்தும் பிள்ளைகளை உள்ளே விடாத ஆசிரியைக்கு நான் மெமோ கொடுக்கவில்லை. மணி அடித்த இடத்திலிருந்து பாம்பு தெரியாது; வாசலில் நின்றவளுக்குத்தான் தெரியும்.

10. லைசென்ஸ் போன செய்தி பரவியதும் ஸ்யாமளாவின் வீட்டுக்கு வரன்கள் வர ஆரம்பித்துவிட்டன. பறக்கிற பெண் வேண்டாம் என்று முன்பு சொன்ன ஒரு குடும்பத்தார், “இனிமே ஆத்தோட இருப்பாளோன்னோ?” என்று விசாரித்ததாக அவர் தாயார் என்னிடம் கண்ணீரோடு சொன்னார். கல்யாணம் செய்துகொள்வதும் கொள்ளாததும் அந்தப் பெண்ணின் விருப்பம். அதை ஒரு தோரணக் கயிறு முடிவு செய்யக் கூடாது.

11. எட்டு மாணவிகளும் என் அறை வாசலில் தினம் வந்து நிற்கிறார்கள். சம்மதிக்காதிருந்த பெற்றோரில் ஆறு பேர், நான் முழுசாக இறங்கி நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தபின் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதலில் போட்டவர், என்னைப் போகச் சொன்ன அந்தத் தகப்பனாரே.

ஆகவே, உத்தரவை மறுபரிசீலனை செய்து குமாரி ஸ்யாமளாவின் லைசென்ஸைத் திரும்ப அளிக்கும்படியும், காற்றுப்பை சிக்கியிருந்த விவரத்தை ஆவணத்தில் சேர்க்கும்படியும், என் மயக்கத்தை அதிலிருந்து எடுத்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சாட்சி சொல்லச் சென்னை வரத் தயாராக இருக்கிறேன். ரயிலில் வந்தால் ஓர் இரவுப் பிரயாணம், உடம்பு அலுத்துவிடும். லைசென்ஸைத் தாங்கள் முன்கூட்டியே அனுப்பிவைத்தால், குமாரி ஸ்யாமளா ஓட்ட, முன் ஆசனத்தில் உட்கார்ந்து காலைப் பலகாரத்துக்குள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

இடம்: தல்லாகுளம், மதுரை
தேதி: 12-10-1949

தங்கள் நியாய உணர்வில் நம்பிக்கையுள்ள,
(ஒப்பம்) ஹா. ஜகதாம்பாள்