மெதுவாகச் சுற்றிய இசைத்தட்டு

பிஸ்கட்டவே,
அக்டோபர் 15, 2006

அன்புள்ள மதனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் இங்கே சுகம். நீயும் ஓக்லாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். தமிழில் எழுதுவது உனக்குச் சிரமம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை கோபிச்செட்டிபாளையத்தில் படித்தவன் நீ, எழுத்துக் கூட்டியாவது நீயே படி, ஸ்கேன் செய்து தங்கை யாமினிக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லாதே. இங்கிலீஷில் ஈமெயிலாக எழுதிப் பார்த்தேன், லேபரட்டரி மெமோ மாதிரி வந்தது, அழித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் நல்லா இருக்கியா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்பதைத் தாண்டிப் பேசியதில்லை என்பது உனக்கே தெரியும்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. வாசல் மேப்பிள் மரம் இந்த வருஷம் சீக்கிரமே உதிர்க்கத் தொடங்கிவிட்டது, கூரைக் கட்டரைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறக் கூடாது என்று அம்மா உத்தரவு, ஆள் வைத்திருக்கிறேன். அங்கே கேட்டி ஊரில் யாமினியின் பையன் டேகேரிலிருந்து வாரம் ஒரு சளியோடு வருகிறான், அவளும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி லீவு போடுகிறார்கள். இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை நீ இங்கே வர வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் உன் இசைத்தட்டு வெளியாகும் நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தால் தயவுசெய்து அவர்களைக் கூப்பிட்டு மறுபடி ஒத்துக்கொள். இதை யாமினி இதற்குள் சொல்லியிருப்பாள். ஆனால் இந்தச் சிக்கலை உண்டாக்கியவன் நான் என்பதால் என் கையாலும் ஒரு தடவை எழுதிவிடுவது முறை என்று தோன்றியது.

ஆகஸ்டு கடைசியில் கோவில் கேன்டீனில் குமாரசாமியைப் பார்த்தோம். நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டு வந்தவர், முதல் வாரம் முழுக்க அவர் மனைவி ராஜலக்ஷ்மிதான் நமக்குச் சமைத்துப் போட்டாள், உனக்கு நினைவிருக்கும். அவர்கள் மகள் மீனாக்ஷிக்குக் கல்யாணம், கோயம்புத்தூரில் முகூர்த்தம், இங்கே எடிசனில் ரிசப்ஷன். தட்டில் இட்லியோடு நின்றுகொண்டே, உங்க மதன் டீஜே தானுங்களே அண்ணா, நம்ம பையன் இருக்கறப்ப வெளி ஆளுக்கு எதுக்குப் போகோணும், மீனா ரிசப்ஷனுக்கு அவனே பண்ணட்டுமுங்க என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ பண்ணுவது ரிசப்ஷன் டீஜே வேலை இல்லை, நீயே மெட்டு உண்டாக்கி நீயே வாசிக்கிற வேலை என்று எனக்கு ஓரளவு தெரியும். அதை நாலு வாக்கியத்தில் அங்கேயே விளக்கியிருக்கலாம். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, இந்தச் சாக்கிலாவது பிள்ளை வீட்டுக்கு வருவான் என்று அன்றைக்கே உன் போனில் மெசேஜ் விட்டுவிட்டாள்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு உறுத்தல். பிள்ளை என்ன வாசிக்கிறான் என்று ஒழுங்காகக் கேட்காமலேயே அவனை ஊருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டோமே என்று. வெளியாகும் முன் மாதிரிக்கென்று நீ ஜூலையில் அனுப்பிய பெரிய கறுப்புத் தட்டு அலமாரியில் அப்படியே இருந்தது, வெள்ளை உறை, வெள்ளை லேபிள், அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அதைப் போட நம்மிடம் கருவியும் இல்லை. பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு பழைய ரெக்கார்டு ப்ளேயர் கிடைத்தது. அதை நான் எப்படிப் பொருத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அத்தனை வருஷம் மருந்துக் கம்பெனி லேபில் இருந்தவனாயிற்றே. மேஜையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நாலு காலுக்கும் அட்டை கொடுத்தேன், ஊசியைப் புதிதாக வாங்கினேன், தட்டை நூல் ஒட்டாத துணியால் துடைத்தேன், பத்து நிமிஷம் சும்மா சுற்றவிட்டுச் சூடேற்றினேன். அதற்கப்புறம்தான் கேட்டேன்.

என்ன கேட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அடியில் ஒரு கனமான சத்தம், யாரோ ஈர மண்ணை வெட்டுவது போல நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது. அதன்மேல் ஒரு வயதான ஆணின் முனகல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் திரும்பிப் படுக்கிறவர் முனகுவாரே, அந்த மாதிரி, விட்டு விட்டு, தட்டு முடிகிற வரை. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஏனுங்க, பையன் ஒழுங்கா சாப்பிடறதில்லையாட்ட இருக்குது என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தாள். நானும் தினம் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். சான் ரமோன் ஆபீஸ் வேலையை நீ விட்டபோது காரணம் கேட்டேனே தவிர நீ சொன்ன பதிலைச் சரியாகக் கேட்கவில்லையோ, தனியாக அங்கே கஷ்டப்படுகிறாயோ என்றெல்லாம் யோசனை ஓடியது. அந்த முனகல் என்னுடையதுதானோ, எங்காவது என் குரலைப் பிடித்து வைத்திருக்கிறாயோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. எப்படியும் ரிசப்ஷனுக்கு வரட்டும், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று, நான் கொடுத்த வாக்கு தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் யாமினி கூப்பிட்டாள். அதே சனிக்கிழமைதான் உன் தட்டு வெளியாகிறது, ஒன்றரை வருஷ உழைப்பு, அந்த மேடை கிடைப்பதே பெரிது, அம்மாவின் மெசேஜுக்காக நீ அதை கேன்சல் பண்ணப் போகிறாய் என்றாள். அவனே குமாரசாமி அங்கிளிடம் பேசட்டுமே என்று நான் இழுத்தேன். "அண்ணன் யாருக்கும் நோ சொல்ல மாட்டான்ப்பா, அவன் உங்களாட்டத்தான். நீங்கதான் சொல்லோணும்" என்றாள். என் மூக்கு உனக்கு வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இதுவும் வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நேற்றுக் காலை அம்மாவிடம் மருந்துக் கடை என்று சொல்லிவிட்டு எடிசன் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காரிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், அவர்கள் டிரைவ்வேயில் இன்ஜினை நிறுத்தியபின் இன்னொரு தடவை. குமாரசாமி ஹாலில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார், ராஜலக்ஷ்மி காப்பி கொடுத்தாள். காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மதன் வர முடியாதுங்க, அன்றைக்கு அவனுக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து, "வேலையா? அவன் டீஜே தானுங்களே அண்ணா?" என்றார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அதுதானுங்க அவனோட வேலை" என்றேன்.

நீ ஆபீஸ் வேலையை விட்ட இந்த நாலு வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மதன். குமாரசாமிக்கு மனத்தாங்கல்தான். நம்ம ஊட்டு விசேஷத்தை விடவுங்களா, ஒரு நாள் லீவு போட முடியாதுங்களா என்றெல்லாம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு முடியாதுங்க, முடியாதுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாடிப்படியிலிருந்து மீனாவின் சிரிப்புச் சத்தம். அப்பா, நான் எப்ப மதனைக் கேட்டேன், எங்க ஃப்ரெண்ட்ஸ்லயே ஒருத்தன் சினிமா பாட்டு போடறான், அவனை புக் பண்ணி மூணு மாசமாச்சு, மதன் மியூசிக் போட்டா நம்ம அங்கிள்ஸ் எல்லாம் பஃபே பக்கமே நின்னுடுவாங்க என்றாள். குமாரசாமி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான் முதலில் சிரித்தார். காப்பியை மறுபடி சூடு பண்ணித் தரச் சொன்னார்.

மீனா கீழே வந்து, மதனோட புது ரெக்கார்டு வந்ததா அங்கிள், கேட்டீங்களா என்றாள். கேட்டேனம்மா, மிகவும் சோகமாக இருக்கிறது என்றேன். சோகமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அது ஆடற பாட்டு அங்கிள், ஏப்ரலில் அவன் புரூக்ளினில் வாசித்தபோது நானே கேட்டேன் என்றாள். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் புரூக்ளின் வரை வந்தும் நீ வீட்டுக்கு வராமல் போனது எனக்கு அப்போதுதான் தெரியும். நல்லவேளை அம்மா அங்கே இல்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா மறுபடி ஆபீஸ் வேலையைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்திருப்பாய். நீ நினைத்ததில் தப்பில்லை, நான் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவள் தன் காரில் என் பின்னாலேயே நம் வீட்டுக்கு வந்தாள். நான் துணியால் துடைத்து, ரசமட்டம் பார்த்து, வழக்கப்படி தட்டைப் போட்டேன். ஐந்து விநாடிகூட அவள் கேட்கவில்லை. "அங்கிள், இது ஃபார்ட்டி ஃபைவ். நீங்க தர்ட்டி த்ரீல போட்டிருக்கீங்க" என்று சொல்லி, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன விசையைத் தள்ளினாள். பெரிய தட்டென்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுதான் என்று நாங்கள் கல்லூரி ஹாஸ்டலில் பழகியது, அந்த விசையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அளவெடுக்கும் முன் கருவியைச் சரிபார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். காலுக்கு அட்டை வைத்தேன், வேகத்தைப் பார்க்கவில்லை.

சரியான வேகத்தில் அது வேறு பாட்டு. மண் வெட்டிய சத்தம் துள்ளலாகிவிட்டது. எனக்கு இந்த இசையில் ஞானம் கிடையாது, நல்லதா கெட்டதா என்று சொல்லத் துணிய மாட்டேன், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக நீ சத்தங்களை அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிற ஒழுங்கு எனக்குப் புரிந்தது, அது என் மாதிரி ஆளுக்குப் புரியக்கூடியதுதான். அந்த முனகலும் கிழவனுடையது இல்லை. அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றாள். "இது ஆருங்க, என்னாட்டவே உம் கொட்டறது?" என்றாள். மீனா அவள் தோளைப் பிடித்து, "ஆன்ட்டி, அது நீங்கதான்" என்றாள். நீ போனில் பேசும்போது அம்மா அந்தப் பக்கம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பதிவு செய்து தாளமாக வெட்டி வைத்திருக்கிறாய் என்று அவள்தான் விளக்கினாள். கேக்காம எடுத்துட்டானா என்று அம்மா கோபப்பட்டாள். உடனே, இன்னொருக்கா போடுங்க என்றாள். மூன்றாவது தடவை போட்டபோது, இது எந்தப் பேச்சுக்கு நான் கொட்டின உம், என்ன சொல்லிட்டிருந்தான் அப்ப என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடு, அவளால் பொறுக்க முடியவில்லை. இப்போது போனில் யார் பேசினாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேட்கிறாள். நேற்று மாலை லைன் கட் ஆகிவிட்டது என்று யாமினி இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டாள்.

தனிப் பார்சலில் காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான்கள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், லேபில் பெரிய இயந்திரங்களின் பக்கத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது. அதைவிட நல்லது உன்னிடம் இருக்கலாம், இருந்தால் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடு. வெறும் வயிற்றில் வாசிக்கப் போகாதே. ஆல்டர்னேட்டர் சத்தம் போடுகிறது என்று சொன்னாயே, அந்தக் காரில் இரவு ஃப்ரீவேயில் தனியாக வராதே. மீனாவுக்கு ஒரு வாழ்த்து எழுதிப் போடு, எல்லோரையும் கரையேற்றியது அவள்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இன்று அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தபோது விசையைப் பழையபடி தள்ளி ஒரு தடவை கேட்டேன். அந்தச் சோகம் அங்கேயே இருந்தது. அது கருவியின் பிழை என்று மீனா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், என் படிப்பும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் தட்டில் இருப்பது ஒரே கோடுதான் அல்லவா? ஆறு வாரம் நான் அதைக் கேட்டிருக்கிறேன், கேட்காதது போல இருக்க முடியவில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வி. நீ சுகமாக இருக்கிறாயா? கடிதத்தின் முதல் வரியில் எழுதியது வழக்கத்துக்காக எழுதியது. இது கேள்வி. நன்றாக இருக்கிறேன் என்றால் நம்புகிறேன். இல்லை என்றாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேச மாட்டேன்.

உன் நிகழ்ச்சி நல்லபடியாக நடக்கவும், நீ நீண்ட ஆயுளோடும் மன நிறைவோடும் இருக்கவும் நம் குலதெய்வம் துணை இருக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு எழுந்திருக்கிற நேரம் எதுவோ அப்போது கூப்பிடு. போனை நான்தான் எடுப்பேன். உடனே அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலசாமி