முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

ஜூன் 4

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

சொல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். போனில் உங்கள் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். 'கர்த்தருடைய சமாதானம்' என்று தொடங்கிப் பழகிய கை, இன்று அந்த வரியை எழுத மறுக்கிறது.

நம் சிட்டு போய் ஐந்து வாரம். அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியதுமே, "நாளைக்கு சபையில சாட்சி சொல்லிட்டு ஓடி வந்துடறேன்" என்றீர்கள். "டாக்டர் இன்னும் உறுதியா சொல்லலைங்க, போகாதீங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். போனீர்கள். 'என் பிள்ளையைச் சுகமாக்கினார்' என்று நீங்கள் மைக்கில் சொன்ன நேரத்தில் அவள் என் மடியில் அடங்கினாள். பதினேழு முறை கூப்பிட்டேன். போனை அணைத்து வைத்திருந்தீர்கள்.

ஏன் போனீர்கள்? அது மட்டும் தெரிய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சிட்டு அம்மா

ஜூன் 11

என் புத்தகப்புழுவுக்கு,

உன்னைப்போல எனக்கு எழுத வராது. பேக்கரியில் மாவு மேஜைமேல் வைத்து எழுதுகிறேன். தாள் பிசுபிசுத்தால் திட்டாதே.

நான் விசுவாசத்தில் போகவில்லை, பயத்தில் போனேன். சபை முழுக்கக் கேட்க நன்றி சொல்லிவிட்டால், அப்புறம் அவளை எடுத்துக்கொள்ள ஆண்டவருக்கு மனம் வராது என்று நினைத்தேன். அவரையே மடக்கப் பார்த்தேன். இப்போது முழங்கால் போட்டால், அன்று எல்லோரும் தட்டிய கைதட்டல்தான் காதில் விழுகிறது. சபைக்குப் போவதில்லை.

"ஏன்யா, பன்னுல சர்க்கரைக்குப் பதிலா துக்கத்தைப் போட்டுப் பிசையறியா?" என்கிறார் முதலாளி. சிரித்துவைத்தேன்.

அவள் என்னைக் கேட்டாளா?

நான்

ஜூன் 18

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

கேட்டாள். உங்களைத் தண்டிக்கத்தான் இதுவரை மறைத்தேன். "உனக்காக ஸ்தோத்திரம் சொல்லப் போயிருக்காரு" என்றேன். "ஐயோ, மைக்கைப் பிடிச்சா அப்பாவுக்குக் கால் நடுங்குமே!" என்று சிரித்தாள். அவளுக்குக் கோபமே இல்லை.

இன்னொன்றையும் உங்களிடம் மறைத்தேன். அவள் அடங்கியதும் என் கதறல் கேட்டு, வார்டு துடைக்கிற அம்மா வாளியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். 'தேவ சித்தம்' என்று ஆறுதல் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து சிட்டுவின் தலையைக் கோதினாள். "நீ அழு தாயி, நான் பிடிச்சுக்கறேன்" என்று எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் வந்து கத்தினார். அவள் நகரவில்லை.

எத்தனையோ புத்தகங்களில் கடவுளைத் தேடியிருக்கிறேன். அன்று அவர் பினாயில் வாசனையோடு வந்தார் என்று நம்புகிறேன். நீங்கள் மடக்கப் பார்த்தும் அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

வரும் ஞாயிறு, சபை நேரத்தில் இங்கே வாருங்கள். பேச வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சிட்டு அம்மா

ஜூன் 25, திங்கள்

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

நேற்று மத்தியானம் வரை வாசலில் நின்றேன். "வர்றவர் பெல் அடிக்க மாட்டாரா? வெயில்ல நிக்காதடி" என்று அக்கா திட்டினாள்.

நீங்கள் எங்கள் தெருமுனை வரை வந்து, என்னைப் பார்த்ததும் திரும்பிவிட்டதாக அவரிடம் சொன்னீர்களாம்; உங்கள் முதலாளி போனில் சொன்னார். நான் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.

சாயங்காலம் முழங்கால் போட்டேன், சிட்டு போனபிறகு முதல் தடவையாக. எதுவும் கேட்கவில்லை; நன்றியும் சொல்லவில்லை. அழுதேன். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறும் கதவைத் திறந்துவைப்பேன். அதற்கு அடுத்த ஞாயிறும்.

உங்கள்,
சிட்டு அம்மா