நான்காம் அறைச் சுவரில் நாம்

சின்னவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு சின்ன ஹோட்டலை அந்தக் காலத்து வீடு மாதிரி மாற்றுகிறோம். புது அலமாரியை உப்புத்தாளால் தேய்த்து, சங்கிலியால் அடித்துப் பழசாக்குவது என் வேலை. டிசைனர் மேடம் யார் யாருடைய கல்யாணப் போட்டோக்களையோ வாங்கி வந்தார். அவற்றைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து ஒரு மேஜையில் காயவைத்தேன். சட்டைப்பையில் வியர்வையில் ஊறியிருந்த நம் கல்யாணப் போட்டோவையும் புத்திகெட்டுப்போய் அதே மேஜையில் வைத்துவிட்டேன். மேடம் அதையும் சேர்த்துச் சட்டம் போட்டு, நான்காம் அறையில் மாட்டிவிட்டார். சாயம் படாமலே பழசாகியிருந்தது அது ஒன்றுதான்.

நேற்று திருப்பிக் கேட்கப் போனேன். மேனேஜர் அதை ஒரு விருந்தாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்க யாருங்க?"

"இந்த வீட்டைக் கட்டின முதலாளியும் அவர் சம்சாரமும். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், மேனேஜரும் விருந்தாளியும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, படம் மறைக்குது" என்றார் மேனேஜர்.

தள்ளி நின்றேன். கேட்க வாய் வரவில்லை, இனியும் வராது.

இந்த வருடமும் லீவு இல்லையாம். பெட்டியில் வேறு போட்டோ இருந்தால் அனுப்பு. அதில் இருப்பது யார் என்று பின்பக்கம் உன் கையால் எழுதிவிடு.

கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டுக்காரன்