நன்றிக் குறிப்பில் ஒரு பெயர்

வரிச்சிக்குடி,
18.9.1983

அன்பு மகள் அல்லிக்கு, அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் அதற்குள் குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்ததால் இந்த வருஷம் குறுவை வைக்கவில்லை. சம்பாவுக்கு இப்போதுதான் நாற்று விட்டிருக்கிறது. வயலை சுப்ராயன் பார்த்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல்தான் நீளமாகிவிட்டது. அப்பா இருந்தால் பேப்பரைப் படித்துவிட்டு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். உன் கடிதம் சித்திரையில் வந்ததோடு சரி. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் புதுச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். புரை இன்னும் முற்றவில்லையாம். சொட்டு மருந்து விட்டதில் எதிரே நிற்பவர் முகமே மங்கலாகத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் உன் சிநேகிதி கமர் நிஷாவைப் பார்க்கப் போனேன்.

யாருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் தடிப் புத்தகம் வருகிறதாமே. அதில் உன் பேரைத் தேடி எடுத்தாள். காரைக்கால்மேட்டில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, யானைக்கால் புழுவைப் பற்றி முதலில் எழுதினாயே, அந்தக் கட்டுரை. எனக்கு எழுத்து தெரியவில்லை, அவள்தான் விரல் வைத்துப் படித்தாள். "இவர் பேரைப் பாத்தா ஜப்பான்காரர் மாதிரி இருக்கும்மா. இது பிரேசில் பத்திரிகை. வருஷம் ஏற ஏற ஆளும் ஏறிக்கிட்டே போகுது பாருங்க" என்றாள். பக்கத்து மேசையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, எங்க ஸ்கூல் பொண்ணு என்று சொன்னாள். நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் எழுதினதெல்லாம் எங்கே என்று நான்தான் கேட்டேன். அவள் தேடினாள். வேறு புத்தகம் கொண்டுவந்து தேடினாள். "பேரை வேற மாதிரி போட்டிருப்பாங்களோ" என்றாள். கடைசியில் உன் பேராசிரியர் எழுதிய புதுக் கட்டுரை ஒன்றை எடுத்து வந்தாள். முந்தின வருஷம் நீ எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த அதே ரத்தப் பரிசோதனை. கால் வீங்குவதற்கு முன்னாலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே. எழுதியவர்கள் பேரைப் படித்தாள். அவர் பேரும் இன்னொருவர் பேரும் இருந்தன. கடைசி வரைக்கும் படிம்மா என்றேன். தயங்கிப் படித்தாள். சோதனைக்கூட உதவிக்காகச் செல்வி அல்லிக்கு நன்றி என்று இருந்தது.

"டாக்டர்னுகூடப் போடலையேம்மா" என்று அவள்தான் அழுதாள். எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால், நான் துடைத்துக்கொண்டே இருந்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் செல்லக்கண்ணுவைப் பார்த்தேன். கால் வீங்கி, கடலுக்குப் போக முடியாமல் வலை பின்னுகிற வேலையோடு நின்றுவிட்டாரே, உனக்கு முதலில் கை நீட்டி ரத்தம் கொடுத்தவர். "டீச்சரம்மா, பாப்பா மருந்து கண்டுபுடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். எத்தனையோ நாட்டுக்காரர்கள் அவள் எழுதினதைப் படிக்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய்யில்லை. "அப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து வைத்துப் போனார்.

வீட்டுக்கு வந்து உன் பேராசிரியருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதிக் கிழித்துவிட்டேன். நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நீ. கேட்பதா விடுவதா என்பதும் நீ முடிவு செய்ய வேண்டியது. நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

வேலை நன்றாகப் போகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். அங்கே யாரிடமாவது சொல்லி அழுதாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை என்று நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். உண்மையில், சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு இந்த வீட்டில் பேச ஆள் இல்லை.

அடுத்த கட்டுரை வந்ததும்தான் ஊருக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். அது இல்லாமலே வா, அல்லி. ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து நன்றாகத் தூங்கு, அது போதும். திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றினால் பஸ் ஏற்றிவிட நான் வருகிறேன். வரும் தேதியை எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டு.

உனக்கு மனத்தில் தெம்பு வர காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொண்டு,

உன் அம்மா
தையல்நாயகி