வலிக்கிறது என்று சொன்னது யார்?

மார்ச் 4, திங்கள்

டாக்டர் இன்று என்னிடம் கேட்டது வயதை மட்டும். மீதி எல்லாம் இவரிடம்.

"வீட்ல ரொம்ப டென்ஷன் ஆவாங்களா சார்?"

இவரும் மகா பொறுப்பாகக் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, "கொஞ்சம் ஆவா" என்றார். பழுதுபார்க்கக் கொண்டுவந்த மின்விசிறி மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் வருதா சார்? கொஞ்சம் வருது.

இரண்டு வருட வலி. கழுத்தின் வலப்பக்கம் தொடங்கி, தோளில் கல்லாக உட்கார்ந்து, கட்டைவிரல் வரை கரண்ட் மாதிரி இறங்குகிறது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் தயார்செய்து கொண்டுபோயிருந்தேன். பாதியில் டாக்டர் தலையாட்டி நிறுத்திவிட்டார்.

மூன்று விதமான ஊசி இருக்கிறதாம். தசை முடிச்சுகளில் மரத்துப்போகிற மருந்தை ஏற்றுவது ஒன்று. கழுத்து நரம்புப் பக்கத்தில், திரையில் எக்ஸ்ரே படம் பார்த்துக்கொண்டே ஸ்டீராய்டு போடுவது இன்னொன்று. மூன்றாவது, முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே அதே மருந்து. தசையை மூன்று மாதத்துக்குத் தளர்த்திப் போட்டுவிடும். அவருக்குப் பிடித்தது மூன்றாவது. "அடுத்த வாரமே போட்டுடலாம் சார்." சார் என்றது இவரை. ஊசி எனக்கு.

"தோளைத் தளர்த்தினா கையைத் தூக்கிப் பிடிக்க முடியுமா டாக்டர்? நாள் பூரா எனக்குக் கையிலதான் வேலை" என்றேன்.

"என்ன வேலை?"

"சைகை மொழிபெயர்ப்பு."

"ஓ! டிவி மூலையில சின்னக் கட்டத்துக்குள்ள நிப்பாங்களே!"

அவர்களேதான். அந்தக் கட்டத்துக்குள் கழுத்து, தோள் எல்லாம் உண்டு டாக்டர்.

மார்ச் 5, செவ்வாய்

இடது கையால் பல் தேய்த்தேன். முகம் எல்லாம் நுரை.

மார்ச் 6, புதன்

மேலாளர் கூப்பிட்டார். தொழிற்சாலை விபத்து ஒன்றின் விசாரணை, நான்கு நாள். காது கேளாத தொழிலாளர்கள் சாட்சி சொல்லப்போகிறார்கள். "நீங்க ஒருத்தரே போதும் மேடம், உங்களுக்கு ரெண்டு பேர் வேலை சர்வ சாதாரணம்."

எங்கள் தொழிலில் இருவராகத்தான் நிற்க வேண்டும். ஒருத்தி கை அசைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் மாறிக்கொள்வார்கள். உடம்புக்காக மட்டும் இல்லை. களைத்த கை தப்பாகப் பேசும். ஆனால் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் பணம் கொடுப்பவர்களுக்குக் கண் உறுத்தும். அதனால் இரண்டு வருடமாக ஒருத்தியாகவே போகிறேன்.

(இரண்டு வருடம். இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன்.)

கழுத்து வலி என்று இழுத்தேன். "அதான் ஊசி போட்டா சரியாயிடுமாமே?" என்றார்.

அவருக்கு யார் சொன்னது?

மார்ச் 7, வியாழன்

சொன்னது இவர்தான். நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்ததாம், எடுத்தாராம்.

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன். வேலை போயிடக் கூடாதுன்னு."

"என் கழுத்தைப் பத்தி அவர்கிட்ட எதுக்குங்க பேசணும்?"

"ஊசிதானே! சின்னப் பிள்ளை மாதிரி இதுக்கெல்லாமா சண்டை?"

ஊசிதானே. இவர் பல் டாக்டரிடம் போவதற்கு மூன்று முறை தேதி மாற்றியவர். சொல்லிக்காட்டினேன். "அது பல்லு" என்றார். இந்தப் பதிலுக்கு எந்த நியாயசபையில் மேல்முறையீடு செய்வது?

கோபம் இவர் மேல் மட்டுமா? தெரியவில்லை. என் வலியைச் சுற்றி எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். எனக்குத்தான் அதில் இடம் இல்லை.

மார்ச் 9, சனி

அக்காவிடம் பேசினேன். அவளுடைய எதிர்வீட்டு அம்மா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு இப்போது காலையில் ஓடுகிறாளாம். கொஞ்சம் பொறுத்து, "ஆனா எங்க ஆபீஸ்ல ஒருத்தர் போட்டுக்கிட்டு ரெண்டு மாசம் தலை சீவ முடியாம இருந்தாருடி."

"அப்ப நான் என்னதான்க்கா பண்ண?"

"எனக்கு எப்படிடி தெரியும்? உன் கழுத்து."

இந்த வாரம் கேட்டதில் உருப்படியான வார்த்தை இது ஒன்றுதான்.

உட்கார்ந்து யோசித்தேன். தசையைத் தளர்த்தும் ஊசி பிடித்துவிட்டால் மூன்று மாதம் சொர்க்கம். பிடிக்காமல் தோள் தொங்கிப்போனால்? அந்த மூன்று மாதமும் நான் ஊமை. கழுத்து நரம்பு ஊசியின் ஆபத்து அபூர்வம் என்கிறார்கள். யாருக்கு அபூர்வம்? முடிச்சில் போடுகிற ஊசிதான் சாதுவாகத் தெரிகிறது. அதைப் பற்றி டாக்டர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை.

போட்டுக்கொள்ளவே கூடாது என்று எனக்கு வைராக்கியம் எதுவும் இல்லை. வலி போனால் ஊசியைக் கும்பிடுவேன். ஆனால் எதற்குப் போடுகிறேன் என்று தெரிய வேண்டாமா? எனக்காகவா, நான்கு நாள் ஒருத்தியாக நிற்பதற்காகவா?

மார்ச் 12, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

இன்று மருத்துவமனையில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. காது கேளாத ஒரு பெண். கேக் கடை வைத்திருக்கிறாள், என் வயதுதான் இருக்கும். பார்த்த ஐந்தாவது நிமிடமே எனக்குப் பெயர் வைத்துவிட்டாள்: புருவத்தை விரலால் மேலே தள்ளும் ஒரு சைகை. புருவக்காரி. சைகையில் கேள்வி என்றால் இரண்டு புருவமும் ஏற வேண்டும், நான் ஒன்றை மட்டும் தூக்குகிறேனாம். "இன்னொண்ணு லீவா?" என்றாள்.

கதவைத் திறந்தால் அதே டாக்டர். அதே அறை. அவளுக்கும் அதே கழுத்து, அதே கை.

எங்கள் தொழிலில் நாங்கள் 'அவள் சொல்கிறாள்' என்று சொல்வதில்லை. அவள் கை 'நான்' என்றால் என் வாயும் 'நான்' என்றே சொல்லும். அந்த அறையில் எனக்கென்று வார்த்தை கிடையாது.

"அவங்களுக்கு எங்க வலின்னு கேளுங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

"நேரா அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர், நான் மாத்திச் சொல்வேன்."

அவள் கை சொன்னது. என் வாய் சொன்னது: "கழுத்துல ஆரம்பிச்சு விரல் வரைக்கும் எறும்பு ஊருது. கிரீம் பையைப் பிழியும்போது கை விட்டுடுது. போன வாரம் ஒரு கேக்ல பிறந்தநாள் பாதியோட நின்னுபோச்சு."

டாக்டர் சிரித்தார். "வீட்லேருந்து யாராவது வந்திருக்காங்களா? அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அவள் கை: "எதுக்கு? வலி எனக்கு."

"எதுக்கு? வலி எனக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை. "போன வாரமும் என்கிட்ட கேக்கல. என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்க. கையத் தூக்க முடியலன்னா நான் எதால பேசுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தீங்களா?"

டாக்டர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "போன வாரமா? நீங்க இன்னைக்குத்தானே முதல் தடவை வர்றீங்க?"

அவள் கை மடியில் இருந்தது. எப்போதோ நின்றுபோயிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு! உன் வாய் ஏன் இன்னும் ஓடுது?" என்று கை எழுந்தது.

பதினெட்டு வருடத்தில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை நான். கையாலும் வாயாலும் ஒரே நேரத்தில் சொன்னேன்: "கடைசியா சொன்னது நோயாளி சொன்னது இல்ல. மொழிபெயர்ப்பாளர் சொன்னது. தப்பு. மன்னிச்சிடுங்க."

அவளுக்குச் சிரிப்பு எல்லாம் வற்றிவிட்டது. "எனக்குக் குடுத்தது பத்து நிமிஷம். அதுலயும் உன் கதையா? காது கேக்கறவங்க எல்லாம் எனக்காகப் பேசியே என்னைப் பேச விடமாட்டீங்க."

அதையும் டாக்டருக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். என்னைத் திட்டியதை நானே 'நீ' என்று, என் குரலில்.

அதற்குப் பிறகு டாக்டர் அவளுக்கு நரம்பை மரக்கவைக்கும் ஊசி ஒன்றைச் சொன்னார். "வலது கை சில மணி நேரம் மரத்துத் தொங்கும். ஒண்ணும் பயப்பட வேணாம்."

அவள் கை: "உங்க வாயில துணிய அடைச்சு, சில மணி நேரந்தான், ஒண்ணும் பயப்பட வேணாம்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா? அந்த நேரத்துல வலிச்சா யார்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அவ்வளவு ஆசையாக இதுவரை எதையும் மொழிபெயர்த்ததில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் யோசிக்கல" என்றார். அவளைப் பார்த்து.

மார்ச் 13, புதன்

நடந்ததை மேலாளரிடம் நானே சொன்னேன். அவளும் புகார் எழுதட்டும் என்றேன். "அதெல்லாம் பெருசு பண்ணாதீங்க மேடம், விசாரணைக்கு நீங்க வரணும்" என்றார். தப்புச் செய்தவளைக் கண்டிக்கக்கூட நேரம் இல்லை. இன்னும் ஒருத்தியை அனுப்புவதற்குப் பதில் இவர்கள் எதையும் மன்னிப்பார்கள்.

மார்ச் 14, வியாழன்

கேக் கடைக்காரியிடமிருந்து செய்தி. "புகார் எழுதல. ஆனா கோவம் இருக்கு. உன் வலிக்கு நீயே டாக்டர்கிட்ட போ. என் சீட்ல உக்காராதே."

மார்ச் 18, திங்கள்

போனேன். தனியாக. இவர் சட்டை மாட்டிக்கொண்டு சாவியோடு வாசலில் நின்றார்.

"நீங்க வேணாம்."

"நான் வாயே திறக்க மாட்டேன்மா."

"அங்க போனா அவர் திறக்க வச்சிடுவார்."

சாவியை என்னிடம் கொடுத்தார். "அன்னைக்கு டென்ஷன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டு. கோபம் போகவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன். சாவியை.

டாக்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "அன்னைக்குப் பேசினது நீங்கதானே?"

"ஆமா. இன்னைக்கு என் நேரத்துல பேச வந்திருக்கேன்."

கேட்டேன். தளர்த்தும் ஊசியில் தோள் தொங்கினால் திருப்ப முடியுமா? முடியாது, மருந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். கழுத்து ஊசி இப்போதே தேவையா? என் கையை அழுத்தி, இழுத்து, ஸ்கேன் படத்தைத் திரும்பப் பார்த்து, பலம் குறையவில்லை, பொறுக்கலாம் என்றார். குறைந்தால் அன்றே வர வேண்டுமாம். முடிச்சு ஊசி? சிலருக்குச் சில வாரம் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கேட்கிற நாட்களில் பயிற்சி செய்யலாம். "ஆனா வேலையில சுமை குறையலன்னா எந்த ஊசியும் ஓட்டைக் குடத்துல ஊத்தற தண்ணிதான்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"அன்னைக்கு நீங்க கேக்கல."

"அன்னைக்கு நீங்க என்னைப் பாக்கல."

மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த நோயாளிக்கு நேரமாகியும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது.

மார்ச் 20, புதன்

"ரெண்டு பேர்னா வர்றேன். ஒருத்தின்னா இல்ல" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "ஊசி போட்டும் முடியாதா?" என்றார். ஊசி எனக்குப் போடுவது, உங்களுக்கு இல்லை என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

விசாரணைக்கு வேறு யாரும் தனியாக வர ஒப்புக்கொள்ளவில்லையாம். அதனால் இருவரை அனுப்புகிறார்கள். இருவரை! என்னைத் தவிர்த்து. கேட்டால் கிடைக்கிறது, கேட்டவளுக்குத்தான் கிடைக்காது.

வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தச் சாட்சிகளுக்குக் களைக்காத கை கிடைக்கும்.

ஏப்ரல் 3, புதன்

இன்று முடிச்சு ஊசி.

போவதை கேக் கடைக்காரிக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஊசி அடுத்த மாதமாம். கை மரத்திருக்கும் நேரம் முழுவதும் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறாள். "நீ வேணாம், வேற ஆள் கேட்டிருக்கேன்" என்றாள். நியாயம்.

டாக்டர் விரலால் அழுத்தி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் தசை மீன் மாதிரி துள்ளியது. அடுத்த ஜென்மம் வரை கேட்கிற மாதிரி கத்தினேன். வலி போய்விட்டதா என்றால், இல்லை; கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நாளை முதல் பயிற்சி.

சாயங்காலம் வரை வலது கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றாள் நர்ஸ். இடது கையால் கேக் கடைக்காரியிடம் ஏதோ சொல்ல முயன்றேன். "நிறுத்து, குடிகாரி மாதிரி உளர்றே" என்றாள்.

பிறகு அவளே பேசினாள். இரண்டு தட்டுக் கேக் ஒன்று சரிந்தது, கடைக்கு எதிரில் குழி தோண்டிவிட்டு மூடாமல் போனவர்கள், தன் நாத்தனார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் யாருக்கும் மாற்றிச் சொல்லவில்லை.