மாடித் தண்ணி போற வழி

மயிலா,

நம்ம மாடி மழைத்தண்ணி பக்கத்து ஊட்டுச் செல்லாத்தாக்கா வாசலுக்குப் போறதில்லைன்னு, இன்னிக்குச் சாயங்காலம் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றதா நேத்து வாய் விட்டுட்டே. பண்ணிராதே. காலையில சாயப் பட்டறையிலிருந்து பச்சைச் சாயம் கொண்டாந்து மாடிக் குழாய்ல ஊத்திப் பார்த்தேன். நேரா அங்கதான் கொட்டுது. வாசல்ல படுத்திருந்த அவங்க வெள்ளை நாய் இப்பப் பச்சை.

நாயை நம்ம ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலியில கட்டியிருக்கேன். மூணு தரம் சோப்புப் போட்டும் போகலை. சாயம் நிக்கலைன்னு கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்புன அதே பச்சைதான்!

சோறும் கொள்ளுப் பருப்பும் ஆக்கி வெச்சிருக்கேன். நாய்க்கும் போடு. குரைச்சா ரேடியோவைச் சத்தமா வையி.

மருதாசலம்

அக்கா தேடி வந்தா நாயைப் பார்க்கலைன்னு சொல்லிரு. அதுக்கும் கற்பூரம் ஏத்தச் சொன்னா பயப்படாதே, தீப்பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன்.